"டைரக்ட் பண்ணிடலாம் தம்பி" என்கிற வியாதி

போன பதிவு காஸ்ட் அக்கவுண்டிங் பற்றி. படித்தவர்கள் திட்டினார்கள், படிக்காதவர்கள் நல்லாயிருக்கு என்றார்கள் :-) இந்தத் தடவை பேட்டரி. பி.காம் படிக்கிறவனுக்கு பேட்டரியில் என்னடா வேலை என்று வகுப்பில் நாலு பேராவது கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். ஏனென்றால் இது பேட்டரியை விட நம் ஆட்களின் ஒரு குணத்தைப் பற்றிய பதிவு. எச்சரிக்கை மணி அடித்தால், மணியின் நாக்கைப் பிடுங்கிவிட்டு "சரியாயிடுச்சு" என்று சொல்கிற குணம்.

முதலில் கதை.

எங்கள் வீடு விருதுநகர் பக்கம். இன்வெர்ட்டருக்கு இருந்த பழைய டியூபுலர் பேட்டரி மண்டையைப் போட்டதும், சித்தப்பா ஒரு முடிவு எடுத்தார். சித்தப்பாவுக்குத் தொழில் பாத்திரக்கடை. எலெக்ட்ரானிக்ஸ் அவருடைய பொழுதுபோக்கு, சித்திக்கு அது தலைவலி. நாலு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் (ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-அவர்), ஒரு பி.எம்.எஸ் போர்டு எல்லாம் வாங்கி, நாலு ராத்திரி உட்கார்ந்து அவரே ஒரு பேட்டரி பேக் கட்டினார். ஒரு பெட்டிக்குள் அடக்கமாக வைத்து மாடிப்படிக்குக் கீழே சொருகியாயிற்று. அந்த மாடிப்படியிலிருந்து நாலடி தள்ளித்தான் அப்பத்தாவின் கட்டில். இந்த நாலடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எம்.எஸ் என்றால் என்ன என்று தெரியாத நம் வகுப்பு மக்களுக்காக ரெண்டு வரி. லித்தியம் செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேல் எல்லை, ஒரு கீழ் எல்லை உண்டு. எங்கள் வகை செல்லுக்கு மேலே 3.65 வோல்ட், கீழே 2.5 வோல்ட். நாலு செல்லை வரிசையாக இணைத்தால் மொத்தம் சுமார் 12.8. பி.எம்.எஸ் போர்டு ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மெல்லிய ஒயரை நீட்டி, தனித்தனியாக வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு செல் எல்லை தாண்டினாலும் மொத்த பேக்கையும் வெட்டிவிடும். கரண்ட் அளவு மீறினாலும் வெட்டும், ஷார்ட் ஆனாலும் வெட்டும், வெப்பம் பார்க்கும் சென்சார் இருந்தால் சூட்டுக்கும் வெட்டும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

நாலு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது வம்பு. கரண்ட் போன நேரத்தில் ஃபேன், லைட், டிவி என்றால் ஓடும். சித்தி மிக்ஸியைப் போட்டதும் வீடே இருட்டு. இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மறுபடி வரும். சார்ஜ் ஆகும்போதும் 14 வோல்டைத் தொட்டதும் நின்றுவிடும், மறுபடி ஏறும், மறுபடி நிற்கும்.

சித்தப்பா தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் மல்டிமீட்டரை பேட்டரியின் ரெண்டு முனையிலும் வைத்தார்.

"தம்பி, பேட்டரி அம்சமா இருக்கு. லோடுலயே பன்னெண்டரை காட்டுது பாருங்க. போர்டுதான் அவுட்டு. புதுசு வர்ற வரைக்கும் டைரக்ட் பண்ணிடலாம்."

டைரக்ட் என்றால், போர்டின் பி மைனஸையும் பேட்டரியின் மைனஸையும் ஒரு தடி ஒயரால் இணைத்து, போர்டு நடுவில் இல்லாத மாதிரி ஆக்கிவிடுவது. இந்த ஊரில் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி, குக்கர் வால்வுக்கு மேல் கல், ஓவர்லோடு ரிலேவுக்கு ஒரு பைபாஸ் என்று எல்லாவற்றுக்கும் ஒரு டைரக்ட் இருக்கிறது.

"அப்படியே பண்ணிருங்கண்ணே" என்றார் சித்தப்பா. "என்னத்தையாவது பண்ணி ஃபேனைச் சுத்த விடுங்கடா" என்றார் அப்பத்தா.

நான் "சித்தப்பா, ஒரு அரை மணி நேரம் பொறுங்க" என்றேன். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் ஞானம் பொங்கி வழிந்ததால் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டரை எனக்கு உறுத்தியது. காரணம், ட்ரையல் பேலன்ஸ்.

முதல் வருடத்திலேயே நமக்குச் சொல்லித் தருகிறார்கள்: ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு தப்பை இன்னொரு தப்போ, இன்னொரு சரியோ மூடிவிடலாம். கூட்டுத்தொகை அழகாக இருக்கும், உள்ளே ஒரு லெட்ஜர் நாறிக்கொண்டிருக்கும். பேட்டரியின் மொத்த வோல்டேஜும் ஒரு கூட்டுத்தொகைதானே? அந்த அண்ணன் கூட்டுத்தொகையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிட்டார். பி.எம்.எஸ் பார்ப்பது லெட்ஜரை!

சரி, லெட்ஜரைப் பிரித்தேன். முதலில் லோடு எதுவும் இல்லாமல் ஒவ்வொரு செல்லையும் அளந்தேன். நாலும் 3.29. பிறகு ஃபேன், லைட், டிவி மட்டும் ஓடவிட்டேன், சுமார் 20 ஆம்பியர். ஒன்று, இரண்டு, நான்கு எல்லாம் 3.23. மூன்றாவது 2.85. கூட்டிப் பாருங்கள், 12.54. அண்ணன் சொன்ன அதே "அம்சமான" பன்னிரண்டரை!

லோடை நிறுத்தியதும் மூன்றாவது செல் அந்த நொடியே 3.29-க்குத் திரும்பிவிட்டது. சார்ஜ் போட்டால் அதே மூன்றாவது மற்றவற்றை விட அதிகமாகக் காட்டியது. மற்றவை 3.46-இல் இருக்கும்போது அது 3.65. போர்டு வெட்டியது அங்கேதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது. லோடில் தாழ்வாகவும், சார்ஜில் உயர்வாகவும், சும்மா இருக்கும்போது ஒழுங்காகவும் ஒரு செல் காட்டினால், நடுவில் எங்கோ ரெசிஸ்டன்ஸ் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று செல்லே கெட்டிருக்க வேண்டும், அல்லது அதன் இணைப்பு. இரண்டையும் பிரிப்பது சுலபம். மீட்டர் முனையை பஸ்பார் பட்டையில் வைக்காமல், செல்லின் டெர்மினல் மேலேயே வைத்து அளந்தேன். லோடில் 3.23! செல் தங்கமாக இருக்கிறது. கெட்டது டெர்மினலுக்கும் பட்டைக்கும் நடுவில்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நட்டைக் கழற்றினோம். சித்தப்பா பஸ்பாருக்குப் போட்டிருந்த ஹீட் ஷ்ரிங்க் உறையின் ஓரம் நட்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. பட்டை சமமாக உட்காராமல் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. சூட்டில் உறை இளகி, நட்டு லூசாகி, பட்டையின் அடியில் கருப்பாகப் படிந்திருந்தது. உறையை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, ஒழுங்காக முடுக்கினோம். அதன் பிறகு மிக்ஸி ஓடும்போதே அளந்தேன். நாலும் 3.19-க்கும் 3.21-க்கும் நடுவில். செலவு: உப்புத்தாள் ஒன்று.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு "நானும் ரிப்பேர் பண்ணினேன்" சுயபுராணம். எனக்குக் கோபம் வந்தது அன்று ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டபோதுதான்.

20 ஆம்பியரில் 0.38 வோல்ட் இழப்பு. மிக்ஸி போட்டு 40 ஆம்பியர் ஆனால் 0.76 வோல்ட். வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 0.76-ஐ 40-ஆல் பெருக்குங்கள். 30 வாட். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது, மூடிய பெட்டிக்குள், லித்தியம் செல்லின் தலையில், ஒரு சால்டரிங் அயர்னைப் பற்றவைத்து நிறுத்தியிருந்தோம். அதைப் பார்த்துக் கத்திய ஒரே ஆள் பி.எம்.எஸ். அந்த ஆளைத்தான் நாங்கள் "அவுட்டு" என்று சொல்லி வெளியே தள்ளப் பார்த்தோம். டைரக்ட் பண்ணியிருந்தால் மிக்ஸி ஜோராக ஓடியிருக்கும். எல்லாரும் "பாத்தியா, போர்டுதான் கோளாறு" என்று சொல்லியிருப்போம். நாலடி தள்ளி அப்பத்தா தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

ஆடிட்டிங் பேப்பரில் 1896-ஆம் வருடத்து கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு படித்திருப்பீர்கள். இரண்டு மார்க் கேள்வியாக எல்லாரும் மனப்பாடம் செய்தது: ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல. பி.எம்.எஸ்ஸும் அதே ஜாதி. எண்ணில் தப்பு தெரிந்தால் குரைக்கும். திருடன் யார், எந்தச் சந்தில் ஓடினான் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது வீட்டுக்காரனின் வேலை. நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி நாய் குரைத்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போகாமல், நாய்க்கு வாய்ப்பூட்டு போடுகிறோம். தூக்கம் நன்றாக வருகிறதாம்.

"போர்டு கெட்டே போகாதா?" என்று கேட்பீர்கள். கெட்டுப்போகும், நன்றாகவே கெட்டுப்போகும். ஆனால் எப்படிக் கெட்டுப்போகும் என்று பாருங்கள். போர்டில் கரண்டை வெட்டுகிற சுவிட்ச் மாஸ்ஃபெட். அது பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் பழுதாகும். அதாவது, திறக்கவே முடியாமல் ஒட்டிக்கொண்டுவிடும். அப்போது பேக் நன்றாக ஓடும், மிக்ஸியும் ஓடும், யாரும் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டார்கள். கெட்டுப்போன பி.எம்.எஸ் பல சமயம் சத்தமே போடாது. ஆக, உங்கள் போர்டு வெட்டுகிறது என்றால், அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் சாட்சி. நீங்கள் பயப்பட வேண்டியது வெட்டவே வெட்டாத போர்டைப் பார்த்து. சத்யம் ஞாபகம் இருக்கிறதா? வருடா வருடம் தணிக்கை நடந்தது, கையெழுத்தும் விழுந்தது. வங்கியில் இல்லாத 5,000 கோடிக்கும் மேற்பட்ட பணம், 2009 ஜனவரியில் தலைவரே கடிதம் எழுதும் வரை வெளியே தெரியவில்லை. குரைக்காத நாயை நம்பியவர்கள் கதை அது.

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றே?" திட்டுவதற்கு முன்னால் இந்த வரிசையில் அளந்து பாருங்கள் என்கிறேன். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி கழற்றிவிட்டு, ஸ்பேனரின் கைப்பிடியில் டேப் சுற்றிவிட்டு. 100 ஆம்பியர்-அவர் செல்லை மோதிரத்தால் ஷார்ட் பண்ணினால் விரல் மிஞ்சாது.

1. மொத்த வோல்டேஜை நம்பாதீர்கள். ஒவ்வொரு செல்லையும் மூன்று நிலையில் அளந்து எழுதுங்கள்: சும்மா இருக்கும்போது, லோடில், சார்ஜில். ஒரு தாள், மூன்று கட்டம்.

2. ஒரு செல் லோடில் இறங்கி, சார்ஜில் ஏறி, நிறுத்தியதும் சட்டென்று சரியானால் இணைப்பைப் பாருங்கள். இணைப்பு நன்றாக இருந்தும் அப்படியே என்றால் அந்த செல்லுக்கு வயதாகிவிட்டது.

3. ஒரு செல் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் மேல் எல்லையைத் தொடுகிறது, ஆனால் காலியாகும்போது கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது என்றால், செல்கள் சமமாக இல்லை. போர்டே பேலன்ஸ் செய்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். சாதாரண போர்டின் பேலன்ஸ் கரண்ட் 50 மில்லிஆம்பியர் மாதிரி இருக்கும். 100-இல் 5 ஆம்பியர்-அவர் வித்தியாசம் என்றால், சரிசெய்ய 100 மணி நேரம். அதுவும் பல போர்டுகளில் சார்ஜ் உச்சிக்கு வரும்போதுதான் அந்த வேலையே நடக்கும். கட்டுவதற்கு முன்னாலேயே எல்லா செல்லையும் இணையாக இணைத்து 3.65 வரை ஏற்றிச் சமன் செய்திருக்க வேண்டும்.

4. இன்வெர்ட்டரை இணைக்கிற அந்த நொடியே வெட்டினால், அது உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் ஒரே மடக்கில் கரண்டை இழுப்பதால் இருக்கலாம். போர்டு அதை ஷார்ட் என்று நினைக்கிறது. ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டரை முதலில் மெதுவாக நிரப்பிவிட்டு அப்புறம் இணைத்துப் பாருங்கள்.

5. இன்வெர்ட்டர் இன்னும் டியூபுலர் செட்டிங்கிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். நாலு செல்லுக்கு உச்சம் 14.6. அதற்கு மேலே தள்ளினால் போர்டு வெட்டத்தான் செய்யும், வெட்டத்தான் வேண்டும்.

6. எல்லா செல்லும், எல்லா நிலையிலும் எல்லைக்குள் இருக்கிறது, இணைப்பில் சூடு இல்லை, கரண்டும் அளவோடு இருக்கிறது, சென்சாரும் சரி. அப்படியும் பேட்டரி மைனஸுக்கும் போர்டின் பி மைனஸுக்கும் நடுவில் பூஜ்யத்துக்குப் பதில் நிறைய வோல்ட் காட்டி வெட்டி நிற்கிறதா? இப்போது சொல்லுங்கள், போர்டு அவுட்டு என்று. புதுசு போடுங்கள். போடும்போது அந்த மெல்லிய ஒயர்களைச் சொருகும் முன் வரிசை சரியா என்று அளந்துகொள்ளுங்கள். 3.2, 6.4, 9.6, 12.8 என்று படி ஏறுகிற மாதிரி வர வேண்டும். ஒன்று மாறினாலும் புது போர்டு சொருகிய இடத்திலேயே காலி.

இதில் எந்தப் படியில் இன்ஜினியரிங் டிகிரி தேவைப்படுகிறது? கூட்டல், கழித்தல், ஒரு மீட்டர், கொஞ்சம் பொறுமை. மெக்கானிக் அண்ணன் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அவருக்கு ஒரு வீட்டில் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் கட்டுப்படியாகாது. அளந்து பார்ப்பதற்கு யாரும் காசு தருவதில்லை, "ஓட வைத்ததற்கு"த்தான் தருகிறோம். அப்படியென்றால் குற்றவாளி யார்? கண்ணாடியைப் பாருங்கள்.

போர்டு செய்கிறவர்களுக்கும் ஒரு குட்டு. வெட்டுகிறாய், சரி. ஏன் வெட்டினாய் என்று சொல்ல ஒரு சின்ன எல்.இ.டி வைக்கக் கூடாதா? எந்த செல், அதிகமா குறைவா என்று காட்டுகிற போர்டுகள் இருக்கின்றன. மலிவு போர்டுகள் பலவற்றில் அது இல்லை. காரணம் சொல்லாத ஆடிட் ரிப்போர்ட்டை எவன் மதிப்பான்? குப்பையில்தான் போடுவான். டைரக்ட் வியாதிக்கு இந்த ஊமைத்தனமும் ஒரு காரணம்.

"அப்படின்னா வீட்டில் பேட்டரி கட்டுறதையே தடை பண்ணிடணும்" என்று ஒரு கோஷ்டி வரும். நியூயார்க் நகரத்தில் 2023-இல் லித்தியம் பேட்டரி தீவிபத்துகளில் 18 பேர் செத்தார்கள். அந்த வருடமே, பழைய பேட்டரியிலிருந்து பிரித்த செல்களைக் கொண்டு புது பேக் கட்டுவதைத் தடை செய்து அங்கே சட்டம் போட்டார்கள். அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. அதே சமயம், கடையில் வாங்கியது என்பதாலேயே ஒன்று பத்திரம் ஆகிவிடாது. 2022 மார்ச்சில் நம் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் நடந்த தீவிபத்துகளுக்குப் பிறகுதான் வாகன பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்-156 விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரில் ஒரு பகுதியும் 2023 மார்ச் கடைசியில் மறு பகுதியும் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவின் பெட்டியை அந்த வாகன விதி பார்க்காது. அந்தப் பெட்டிக்குக் கண்கொத்திப் பாம்பாக இருப்பது ஒரு உள்ளங்கை அகலப் போர்டு மட்டும்தான்.

அந்தப் போர்டும் கடவுள் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். செல்லின் உள்ளேயே ஷார்ட் ஆனால் எந்த பி.எம்.எஸ்ஸாலும் வெளியிலிருந்து வெட்டி நிறுத்த முடியாது. 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களின் லித்தியம் பேட்டரிகளில் கோளாறு வந்து, உலகம் முழுக்க அந்த ரக விமானங்களையே தரையில் நிறுத்தினார்கள். பாஸ்டனில் எரிந்த பேட்டரியை ஆராய்ந்தவர்கள் சொன்னது, ஒரு செல்லின் உள்ளே ஏற்பட்ட ஷார்ட். விமானத்துக்கே அந்தக் கதி. ஆடிட்டர் இருந்தும் திருட்டு நடக்கிறது என்பதற்காக யாரும் ஆடிட்டரே வேண்டாம் என்று சொல்வதில்லையே.

எங்கள் வீட்டில் இப்போது என்ன நிலைமை? பெட்டியை வெளி வராண்டாவுக்கு மாற்றிவிட்டோம். உள்ளே ஒரு ஃபியூஸ் போட்டிருக்கிறார் சித்தப்பா. மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, மாதம் ஒரு தடவை நாலு செல்லின் கணக்கும் எழுதுகிறேன், லோடில், சார்ஜில், சும்மாவில். சித்தப்பா அதற்கு "லெட்ஜர்" என்றே பேர் வைத்துவிட்டார். அப்பத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இத்தனை நாளா இது என் தலைமாட்டுலயாடா இருந்துச்சு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பி.கு: "என் பேட்டரி ரெண்டு வருஷமா டைரக்ட்ல ஓடுது, ஒண்ணும் ஆகலை" என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களுக்கு: சத்யம் கணக்கும் பல வருடம் ஒண்ணும் ஆகாமல்தான் ஓடியது. செல் செல்லாக அளந்து, அந்த எண்களோடு வாருங்கள். அப்புறம் சண்டை போடலாம் :-)